ஜனெலின் பூட்ஸ் எங்கே?

செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு எங்கள் ஊரான நீகிக் ஏரியில் ஒரு நாய்கூடக் குரைக்காது. குரைத்தால் உதை கிடைக்கும் என்று அதற்கும் தெரியும். அந்த நேரத்தில் ஊரிலுள்ள இருநூற்றுச் சொச்சம் வீடுகளிலும் ரேடியோ மட்டும்தான் பேசும். சாப்பாட்டு மேசையில் பிங்கோ அட்டைகளைப் பரப்பிக்கொண்டு, எண்ணில் புள்ளி குத்தும் மைக்குப்பியோடு எல்லோரும் குனிந்திருப்பார்கள். மேவிஸ் பியர்டியின் குரல் வரும். “பி ஏழு” என்று முதலில் எங்கள் பழங்குடி மொழியான க்ரீயில் சொல்வாள், பிறகு இங்கிலீஷில். இரண்டு தடவைதான். மூன்றாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டவன் யாரும் ஊரில் மரியாதையோடு இருந்ததில்லை.

பதினெட்டு வருஷமாக எங்கள் ஊர் ரேடியோவில் எண் அழைத்தவள் அவள். என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, எனக்கு அத்தை. நான் டோரீன் ஸ்பென்ஸ். கடையில் கல்லாவில் நின்று அந்த அட்டைகளை விற்பவள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மைக், ஒரு டெலிபோன், காற்றில் குதிக்கும் எழுபத்தைந்து பந்துகள் கொண்ட ஒரு பெட்டி. அதுதான் அத்தையின் ராஜ்யம்.

அந்த ராஜ்யத்தில் இரண்டு சட்டம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது டெலிபோன், ஜெயித்தவர் கூப்பிட்டுச் சொல்வதற்கு மட்டும்தான். ஜெயித்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, அட்டையின் மூலையில் அச்சடித்திருக்கும் நாலு இலக்க எண்ணைத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெயர் வெளியே போனால் பத்தே நிமிஷத்தில் மச்சான்மார் எல்லாம் வாசலில் வந்து நின்று பாசம் காட்டுவார்கள்.

பெட்டியிலிருந்து ஜி ஐம்பத்து மூன்று வந்தால் மட்டும் அத்தை ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வாள். “ஜி ஐம்பத்து மூணு. நான்தான் வந்திருக்கேன்.” ஊரே சிரிக்கும். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆறு வயதில் அரசாங்கத்தார் அவளை ஏரியில் இறங்கும் விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோய் அடைத்த பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது. சட்டையில் ஐம்பத்து மூன்று, கட்டிலில் ஐம்பத்து மூன்று, சாப்பாட்டுத் தட்டில் ஐம்பத்து மூன்று. தன் பெயரை க்ரீயில் சொன்னதற்காக வாயில் சோப்பைத் திணித்தார்கள். பத்து வருஷம் கழித்து வெளியே வந்தபோது, யாராவது “மேவிஸ்” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே அவளுக்குக் கொஞ்ச நாள் ஆனதாம். அதை அவளே வேடிக்கையாகச் சொல்வாள். எனக்குக் கேட்கும்போதெல்லாம் யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருக்கும்.

அவளுக்குக் குழந்தை இல்லை. தங்கை ஐரீன் நகரத்துக்குப் போய், மூன்றாம் வருஷம் சவப்பெட்டியில் திரும்பி வந்தாள். ஐரீனின் மகள் ஜனெலுக்கு அப்போது நாலு வயது. பெரியம்மா வளர்த்தாள் என்று சொன்னால் எங்களுக்கு அது தத்தெடுத்ததும் இல்லை, தர்மமும் இல்லை. அம்மாவின் அக்காவும் அம்மாதான், அவ்வளவுதான் கணக்கு. ஜனெல் அவளை அம்மா என்றே கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே வாய், ஒரே கோபம். ஒரு நாள் சண்டை போட்டுக்கொண்டு இருவரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையிலிருந்து வாக்கிடாக்கியில் பேசிக்கொண்ட கதை ஊருக்கே தெரியும்.

ஜனெலுக்கு இருபத்திரண்டு வயதானபோது அத்தை ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைத்தாள். மூஸ் மான் தோலில் அடிப்பாகம், மேலே நீர்நாய் ரோமம், முன்பக்கம் மணி கோத்துப் போட்ட நீலப் பூக்கள். வலது காலில் ஐந்து பூ, இடது காலில் நாலு. நீல மணி தீர்ந்துபோயிற்று, அத்தைக்குப் பொறுமையும் தீர்ந்துபோயிற்று. “யார் உன் காலைக் குனிஞ்சு எண்ணப் போறா?” என்று கொடுத்துவிட்டாள். ஜனெல் அதைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து, எண்ணிப் பார்க்காதவர்களையும் எண்ண வைத்தாள்.

அணைக்கட்டு வேலை தொடங்கி மூன்றாம் வருஷம் அது. எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி முகாம். எங்கிருந்தோ வந்த இரண்டாயிரம் ஆம்பளைகள். எங்கள் ஆற்றைக் கட்டிப்போட வந்தவர்களுக்கு எங்கள் பெண்கள் சமைத்துப் போட்டு, கக்கூஸ் கழுவினார்கள். வேறு வேலை எங்கே இருக்கிறது? ஜனெல் சமையற்கட்டில் இருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஊருக்கு ஒரு வேன் வரும். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பாத்திரம் அதிகம் என்று அவளை நிறுத்தி வைத்தார்கள், வேன் போய்விட்டது. யாராவது ஏற்றிக்கொள்வார்கள் என்று சாலைக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பனியில் கண்டெடுத்தார்கள். முகாமிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி. கோட்டு இருந்தது, ஜீன்ஸ் இருந்தது, கையுறைகூட இருந்தது. காலில் வெறும் சாக்ஸ்.

ஆம்ஸ்பி டவுன் போலீஸ் நிலையத்தில் ரீவ் என்ற கான்ஸ்டபிள். நானும் அத்தையோடு போயிருந்தேன். அவன் உட்காரச் சொல்லவில்லை. குடித்துவிட்டு வழி தவறியிருக்கிறாள் என்றான். குளிரில் சாகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு எரிவதுபோல் இருக்குமாம், அவர்களே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுவார்களாம். குளிரைப் பற்றி எங்களுக்கு அவன் பாடம் எடுத்தான்.

“கழட்டிப் போட்டா பக்கத்துல கிடக்கணும்ல,” என்றாள் அத்தை. “பூட்ஸ் எங்க?”

“நரி இழுத்துட்டுப் போயிருக்கும்.”

“ரெண்டையுமா? அளவு சரியா இருந்துச்சாமா நரிக்கு?”

ரீவ் தாளைப் புரட்டினான். நீங்கள் பெண்ணுக்கு அம்மா இல்லையே, ஆன்ட்டிதானே, இதெல்லாம் அம்மாவிடம்தான் பேச முடியும் என்றான். அம்மா செத்துப்போய்விட்டாள் என்று நான் சொன்னேன். அப்படியானால் பேச யாரும் இல்லை என்று அவனுக்கு நிம்மதி வந்தது முகத்திலேயே தெரிந்தது. மூன்றே நாளில் ஃபைலை மூடினான். துணிகளை ஒரு காகிதப் பையில் போட்டு, அவன் கையாலேயே அத்தையிடம் கொடுத்தான். பேசுவதற்கு அம்மா இல்லாதவள், பையை வாங்கிக்கொள்வதற்கு மட்டும் அம்மாவாகிவிட்டாள்.

செத்தவர்கள் போய்ச் சேர நாலு நாள் நடக்க வேண்டும். அந்த நாலு நாளும் வீட்டு முன்னால் நெருப்பு அணையக் கூடாது. நாலாம் நாள் ஒரு தட்டுச் சாப்பாட்டையும் அவர்கள் துணிமணியையும் நெருப்பில் போடுவோம். அவர்களுடையது அவர்களிடம் போகும். அத்தை ஜனெலின் கோட்டைப் போட்டாள், ஜீன்ஸைப் போட்டாள், கையுறைகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். பூட்ஸ் இல்லை. யாரோ தங்கள் பூட்ஸைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினார்கள். அத்தை வாங்கவில்லை. ஜனெல் அடுத்தவர்கள் பூட்ஸில் நடக்க மாட்டாள் என்றாள். நெருப்பு அணைந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனோம். ஜனெல் வெறுங்காலோடு எங்கோ நின்றாள்.

ஜனவரியில் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. ஒரு சொட்டுச் சாராயம் இல்லை. அத்தை அந்தத் தாளை மடித்து உள்சட்டையில் வைத்துக்கொண்டு மறுபடியும் என்னோடு ஆம்ஸ்பிக்கு வந்தாள். ரீவ் தாளைப் பார்த்தான், காதைச் சொறிந்தான்.

“சரி, துணியெல்லாம் கொண்டாங்க. லேபுக்கு அனுப்பிப் பாக்கலாம்.”

“எரிச்சுட்டோம்.”

“எரிச்சுட்டீங்களா?” நாற்காலியில் சாய்ந்தான். “இருந்த ஆதாரத்தை எல்லாம் நீங்களே எரிச்சுட்டு என்கிட்ட வந்து நின்னா, நான் என்னம்மா செய்ய?”

அந்த நாற்காலியை அவன் தலையில் நான் போடாதது என் வாழ்க்கையில் நான் வருத்தப்படும் விஷயங்களில் ஒன்று. அந்தத் துணியைப் பையில் போட்டுக் கொடுத்தது யார்? நாங்கள் நெருப்பு மூட்டுவோம் என்று பதினொரு வருஷம் இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும். நாங்கள் என்ன செய்வோம் என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும். அதற்குப் பிறகு எங்களையே குற்றம் சொல்லவும் தெரியும்.

திரும்பி வரும்போது என் வண்டியில் முப்பது கிலோமீட்டர் கடந்திருந்தோம். அத்தை தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நானே எரிச்சேன்டி. ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டேன்.”

இந்த இடத்தில் என் அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், முகாம் புதிதாக வந்தபோது, நானும் அதே சாலையில் ஒரு வெள்ளை ட்ரக்கில் ஏறினேன். பின்பக்கக் கதவில் ஒரு பள்ளம். ஓட்டியவன் சிரித்த முகம், ஹீட்டரைக் கூட்டி வைத்தான். ஊர்ப்பக்கம் திரும்பாமல் நேராகப் போனபோது என் பக்கக் கதவைத் துழாவினேன். உள்ளே கைப்பிடி இல்லை. உடைந்திருக்கவில்லை, திருப்புளி போட்டுக் கழற்றி எடுத்திருந்தான். வாந்தி வருகிறது என்று ஓங்கரித்துக் காட்டினேன். சீட்டு பாழாகுமே என்று ஜன்னலை இறக்கிவிட்டு வேகத்தைக் குறைத்தான். ஜன்னல் வழியாகத் தலைகீழாக விழுந்து காட்டுக்குள் ஓடினேன். ஊருக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு ஏறினாய் என்று கேட்பார்கள். ரீவ், எவ்வளவு குடித்திருந்தாய் என்று கேட்பான். விட்டது சனியன் என்று இருந்துவிட்டேன். சனியன் விடவில்லை, ஜனெலைப் பிடித்தது. பூட்ஸ் இல்லாமல் அவளைக் கண்டெடுத்தார்கள் என்று கேட்ட நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் வழியாக இறங்கியவளின் காலை அவன் பிடித்து இழுத்திருக்கிறான். பூட்ஸ் அவன் கையோடு போயிருக்கிறது. இது தெரிந்தே அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை ஏழு மணிக்கு அத்தை முதல் பந்தை எடுக்கவில்லை. மைக்கில் மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது. நான் வீட்டில் அட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

“ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி,” என்றாள். “ஜனெலோட பூட்ஸ் எங்க? நீலப் பூ போட்டது. வலதுல அஞ்சு, இடதுல நாலு. தெரிஞ்சவங்க போன் பண்ணுங்க. பேர் வேணாம். அட்டை நம்பர் சொன்னாப் போதும்.”

ஊரே மைக்குப்பியைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. இரண்டு நிமிஷம். ரேடியோவில் இரண்டு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு அவள் “ஓ அறுபத்தெட்டு” என்று ஆட்டத்தைத் தொடங்கினாள்.

மூன்றாம் ஆட்டத்தின் நடுவில் டெலிபோன் அடித்தது. யாரும் ஜெயிக்கிற நேரம் அல்ல அது. அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அப்படியே மைக்கில் சொன்னாள். அட்டை இரண்டாயிரத்து எண்பத்தாறு சொல்கிறாள். போன வருஷம் வசந்தத்தில் ஒரு வெள்ளை ட்ரக். உள்ளே கைப்பிடி இல்லை.

மைக்குப்பியை மூடி வைத்தேன். நான் ஒருத்திதான் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று நாலு பேர் கூப்பிட்டார்கள். மூன்றாவதாகக் கூப்பிட்டது நான். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, “நாலாயிரத்து நானூத்துப் பதினேழு” என்றேன். பள்ளம், கைப்பிடி, வாந்தி, ஜன்னல், எல்லாம் சொன்னேன். பிறந்ததிலிருந்து என் குரலைக் கேட்ட அத்தையை நான் ஏமாற்ற முடியுமா? ஆனாலும் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல்தான் ரேடியோவில் சொன்னாள். “அட்டை நாலாயிரத்து நானூத்துப் பதினேழு, நீ ஓடுனது நல்லது. நல்லா ஓடுன.”

இரண்டு வாரத்தில் பதினொரு அட்டைகள் பேசிவிட்டன. சிலர் தப்பித்தவர்கள். சிலர் தப்பிக்காதவர்கள். அவர்கள் சொன்னதை அத்தை மைக்கில் சொல்லவில்லை, தாளில் எழுதிக்கொண்டாள். பதினொரு பேர், ஒரே ட்ரக், ஒரே சாலை, மூன்று வருஷம். ஒரே சமையற்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்தவர்கள், ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லாமல் உரித்திருக்கிறார்கள். எங்களை அப்படிப் பழக்கியிருக்கிறார்கள்.

ரேடியோ நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆல்வின் ஓடிவந்தான். அணைக்கட்டுக் கம்பெனி அப்போதுதான் கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்திருந்தது. பிங்கோவில் பிங்கோ மட்டும் நடக்கட்டும், பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கு எதற்கு என்று கெஞ்சினான்.

“கூரைய எடுத்துட்டுப் போகச் சொல்லு,” என்றாள் அத்தை. “நான் தொப்பி போட்டுக்கிட்டு நம்பர் கூப்பிடுறேன்.”

அத்தை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை ஆம்ஸ்பிக்குப் போனோம். ரீவ் படித்தான். இந்தத் தடவை அவன் காதைச் சொறியவில்லை, முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனால் படித்து முடித்ததும் பழைய ரீவாகிவிட்டான்.

“நம்பர் சாட்சி சொல்லாது. பேர் வேணும்.” என்னைப் பார்த்தான். “அட்டை விக்கிறது நீதானே? யார் யாருக்கு எந்த நம்பர்னு உனக்குத் தெரியுமே.”

தெரியும். பதினொன்றும் தெரியும்.

“அவ சொல்ல மாட்டா,” என்றாள் அத்தை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் பேரைக் கொடுக்கிறாயா என்று வழி முழுக்கக் கேட்கவும் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அந்த வண்டியிலேயே உடைந்திருப்பேன், அது அவளுக்கும் தெரியும். கேட்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவள் மேல்கூடக் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழு மணி.

“ரீவ் பேர் கேக்குறான்,” என்றாள் மைக்கில். “பேர் இல்லன்னா ஜனெலோட ஃபைலைத் திறக்க மாட்டானாம். என் பேர் மேவிஸ் பியர்டி. பத்து வருஷம் நான் ஐம்பத்து மூணா இருந்தேன். யாரும் கேக்காமலே எனக்கு நம்பர் ஒட்டுனாங்க, யாரும் கேக்காமலே என் பேரைப் புடுங்குனாங்க. அதனால உங்க யார் பேரையும் நான் கேக்க மாட்டேன். உங்களுக்கா தோணினா சொல்லுங்க. தோணலைன்னாலும் நீங்க என் பொண்ணுங்கதான்.” பிறகு, “ஐ இருபத்திரண்டு” என்றாள்.

நான் கோட்டை மாட்டினேன், பொத்தான்கூடப் போடவில்லை. கொட்டகைக்கு ஐந்து நிமிஷ நடை. கதவைத் திறந்தபோது அவள் பந்தைக் கையில் பிடித்திருந்தாள். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி, மைக்கை என் பக்கம் திருப்பினாள்.

“என் பேர் டோரீன் ஸ்பென்ஸ்,” என்றேன். “நாலாயிரத்து நானூத்துப் பதினேழு நான்தான். மூணு வருஷமா எனக்குத் தெரியும். நான் அப்பவே சொல்லியிருந்தா ஜனெல் அந்த வண்டியில ஏறியிருக்க மாட்டா.”

ஊர் முழுக்கக் கேட்டது. என் அண்ணன்கள் கேட்டார்கள். அத்தை என் பின்கழுத்தில் கையை வைத்து, வைத்தபடியே பேசினாள். மைக் திறந்துதான் இருந்தது.

“அவன் கைப்பிடியக் கழட்டுனான். நீ கழட்டல. அதை உன் தலையில நீயா எடுத்துப் போட்டுக்காத, டோரீன்.”

அப்போது டெலிபோன் அடித்தது. பிறகு நிற்கவே இல்லை. ஒவ்வொருத்தியும் முதலில் அட்டை எண்ணையும் பிறகு பெயரையும் சொன்னாள். அத்தை ஒவ்வொரு பெயரையும் க்ரீயில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை, எண்களைச் சொல்வதுபோலவே நிதானமாகச் சொன்னாள். என்னோடு சேர்த்து ஒன்பது பேர். இரண்டு பேர் சொல்லவில்லை. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், என்னோடு மண்ணுக்குப் போகும். அன்று யாரும் பிங்கோ ஜெயிக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டும் யாரும் கடைக்கு வரவில்லை. அதுவே எங்கள் ஊரில் அதிசயம்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட பஸ்ஸில் அத்தையோடு ஒன்பது பேரும் ஆம்ஸ்பிக்குப் போனோம். ரீவின் வரவேற்பறையில் இரண்டு நாற்காலிதான். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து, சட்டியில் சுட்டுக் கொண்டுபோன பானக் ரொட்டியையும் டீயையும் பரப்பினோம். சாயங்காலம் வரை அவன் எழுதினான். ஒவ்வொரு பெயர் எழுதும்போதும் அத்தை பின்னால் நின்று எழுத்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் ஒரு எழுத்து விட்டுவிட்டான், திருத்த வைத்தாள்.

ட்ரக் ஓட்டியவன் யார் என்று கம்பெனியிலிருந்து தெரிந்தது. அவன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, எங்கள் பெண்களின் பெயர் விழுந்த இடத்தில் அது விழ வேண்டாம். டிசம்பரிலேயே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டானாம். எங்கே என்று கம்பெனிக்குத் தெரியாதாம். தேட வேண்டும், நாளாகும் என்றான் ரீவ்.

நாளாகும் என்பதை அத்தை முன்னாலும் கேட்டிருக்கிறாள். அவள் ரீவிடம் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து டெலிபோனை எடுத்தாள். வடக்கில் எங்கள் ஆட்கள் இருக்கிற ஊருக்கு ஊர் ரேடியோ உண்டு, ரேடியோ இருக்கிற ஊரில் பிங்கோ உண்டு, பிங்கோவில் எண் அழைக்க ஒரு மேவிஸ் உண்டு. பந்துப் பெட்டி கெட்டால் ஒருத்திக்கொருத்தி பந்து அனுப்பிக்கொள்கிறவர்கள், முகம் பார்க்காமல் குரலை வைத்தே ஒருத்தியையொருத்தி கிண்டல் செய்கிறவர்கள். அடுத்த வியாழன் ஏழு மணிக்குப் பதினாலு ஊர்களில் ஆட்டத்துக்கு முன்னால் ஒரே கேள்வி. வெள்ளை ட்ரக், பின்கதவில் பள்ளம், உள்ளே கைப்பிடி இல்லை. யார் பார்த்தது?

நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு ஆற்றில் இன்னொரு அணை கட்டுகிற இடத்திலிருந்து வினிஃப்ரெட் என்பவள் கூப்பிட்டாள். அவள்தான் அந்த ஊரில் எண் அழைப்பவள். ட்ரக் அவர்கள் கடை வாசலில் அந்த நிமிஷம் நிற்கிறது என்றாள். ஐந்து பெண்கள் தங்கள் வண்டிகளை அதைச் சுற்றி நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து பிங்கோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள், போலீசை வரச் சொல் என்றாள். அத்தை ரீவைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை நாள் ஆகவில்லை.

ட்ரக்கின் கருவிப்பெட்டியில், துணியில் சுற்றிய ஒரு ஜோடி பூட்ஸ். வலதில் ஐந்து நீலப் பூ, இடதில் நாலு. ஏன் வைத்திருந்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். சுட்ட மானின் கொம்பை எதற்குச் சுவரில் மாட்டுகிறார்கள்? அதற்குத்தான்.

பூட்ஸை அடையாளம் காட்ட அத்தையை அழைத்தார்கள். இப்போது ரீவ் எழுந்து நின்றான், நாற்காலி போட்டான். இப்போது அவள் ஆன்ட்டி இல்லை. கண்ணாடிக்காகிதப் பைக்குள் பூட்ஸ் மேசைமேல் இருந்தது. அத்தை தொடவில்லை. தையலைப் பார்த்தாள். நாலாவது பூவுக்குப் பக்கத்தில் ஐந்தாவதற்கு விட்ட இடத்தைப் பார்த்தாள். “நான் தைச்சது,” என்றாள்.

ஊரில் பெரியவர்கள் அவளிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கேட்டு வாங்கி வா, நெருப்பு மூட்டுவோம், பிள்ளை நடக்கட்டும் என்று. கேட்டால் தருவீர்களா என்று அத்தை கேட்டாள். வழக்கு முடிகிறவரை தர முடியாது, இரண்டு வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றான் ரீவ். சண்டை வரும் என்று அவன் தோள் முன்கூட்டியே சுருங்கியது.

“குடுத்தாலும் வாங்க மாட்டேன்,” என்றாள் அத்தை. “ஒரு தடவை எரிச்சேன். இந்தத் தடவை எரிக்க மாட்டேன். அவ நிப்பா. நான் வளத்த பொண்ணு, எனக்கு மேல கோவக்காரி. அவனை உள்ள தள்ளுற வரைக்கும் வெறுங்காலோட நிப்பா.”

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பதினெட்டு வருஷத்தில் ரேடியோவில் ஒருமுறைகூட உடையாத குரல்.

ரீவ் ஒரு அட்டைச்சீட்டை நூலில் கோத்துப் பைக்குக் கட்டினான். அதில் எண் இருந்தது. ஏழு இலக்கம், ஒரு கோடு, மறுபடி இரண்டு இலக்கம். அத்தை அதைக் குனிந்து படித்தாள்.

“இவ பேர் எங்க?”

பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை, பொருளுக்கு எண்தான், அதுதான் விதி என்றான்.

அத்தை கையை நீட்டி அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அந்தச் சீட்டில், எண்ணுக்கு மேலே, எண்ணைவிடப் பெரிதாக, பேனா கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி எழுதினாள். ஜனெல் பியர்டி. பேனாவைத் திரும்ப அவன் பையில் செருகிவிட்டு என்னைப் பார்த்து, “வா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, ஆட்டம் இருக்கு” என்றாள்.

பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வழக்கை மூன்று தடவை தள்ளி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்பது பேரும் அதே பஸ்ஸில் போகிறோம். என்றைக்காவது அந்தப் பையை நீதிபதி முன்னால் எடுத்து வைக்கும்போது, சீட்டில் இருப்பதைச் சத்தமாகப் படித்தாக வேண்டும். அப்போது எண்ணுக்கு முன்னால் அவள் பெயர்தான் வரும்.